செலியமேட்டில் கத்திய மெஷின்

போன மாதம் ஷர்மிளா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த அணு மருத்துவப் பிரிவில் இப்போது அவள்தான் டெக்னீஷியன். கையில் சுருட்டிய போஸ்டர் ஒன்று வைத்திருந்தாள். விரித்துக் காட்டினாள். நடுவில் ஓர் அணு. அதற்குக் கண், மூக்கு, கன்னத்தில் குழி எல்லாம் வைத்திருந்தார்கள். கையை ஆட்டிக்கொண்டு ஈ என்று சிரித்தது. கீழே கொட்டை எழுத்தில், 'அணு நம் நண்பன்.'

"விழிப்புணர்வு வாரம் சார். கிராமம் கிராமமா ஒட்டப் போறோம்" என்றாள்.

"ஒட்டினா இன்னா ஆவும்?"

"ஜனங்களுக்குப் பயம் போய்டும் சார்."

"பல்லைக் காட்டினா பயம் போய்டுமாம்மா? எங்க தெருமுனையில ஒரு நாய் இருக்குது. அதுவுந்தான் தெனம் பல்லைக் காட்டுது."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க சார். சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி, அணுன்னா இன்னான்னு ரெண்டு பக்கம். வேலைய வுட்டு வந்ததுல இருந்து எல்லாத்தையும் கிண்டல் பண்ணிக்கினே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, போஸ்டரை என் மேசை மேலேயே போட்டுவிட்டுப் போனாள். அது இப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் வாய்க்கு யாரும் கொடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் முடியாது.

நான் வில்லியனூர்க்காரன். பெயர் கலியபெருமாள். முதலில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். கதிர் என்றால் நம் ஜனங்களுக்குப் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்ரே அறை வாசலில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். முட்டி வலி என்று வந்த பெரியவர் ஒருவர், படம் எடுத்து முடித்ததும் எழுந்து நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, "இப்ப தேவலாம்பா" என்றார். அடுத்த வாரம் இன்னொரு முட்டிக்கு வந்தார். டாக்டர் வேண்டாம் என்றாலும் கேட்காமல், "சும்மா ஒரு படம் புடிச்சி வுடுங்க சார்" என்று சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். தலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் உடனே பெரிய ஸ்கேன் வேண்டும். எடுத்த படத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகும்போது, அந்தப் பையை எல்லோரும் பார்க்கிற மாதிரி வேறு பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு பம்பாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சப்பாத்தியையும் சூத்திரத்தையும் மென்று விழுங்கியதைத் தவிர அங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை. படித்துத் திரும்பி வந்து, புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அணு மருத்துவப் பிரிவில் சேர்ந்தேன். அன்றைக்குத்தான் என் கதை மாறியது. எக்ஸ்ரேவில் வருவதும் கதிர்தான், இங்கே வருவதும் கதிர்தான். ஆனால் பெயர்ப்பலகையில் 'அணு' என்று இருந்துவிட்டதே! என் மச்சினன் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. கரண்டு போனா ஒங்க ஒடம்பு லேசா மினுமினுக்குமா?"

"ஒங்க அக்காவக் கேளுடா" என்றேன். அவன் நிஜமாகவே போய்க் கேட்டான். அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

எங்கள் பிரிவில் வேதாசலம் சார் என்று ஒருவர் இருந்தார். டாக்டர் இல்லை. பௌதிகம் படித்தவர், கதிர் பாதுகாப்பு அவர் பொறுப்பு. ஒல்லியாக இருப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் கதிர் அளக்கும் மெஷின் உட்கார்ந்திருக்கும், அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். தண்ணீர்ப் பாட்டில் அளவில் ஒரு குழல், அதிலிருந்து ஒரு வயர், ஒரு சின்னப் பெட்டி. கதிர் பட்டால் 'டிக்' என்று சத்தம் போடும். அதிகமாகப் பட்டால் டிக் டிக் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே அலறலாகிவிடும். அந்த மெஷினை அவர் துடைக்கிற பக்குவத்தில் எங்களில் ஒருவரிடம் பேசியிருந்தாலும் போதும், ஆஸ்பத்திரியே அவருக்குக் கோயில் கட்டியிருக்கும்.

அவரிடம் இருந்தது ஒரே கேள்வி. எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். "எவ்வளவு?"

"சார், வெளியில செம மழை."

"எவ்வளவு?"

"சார், புது நர்ஸ் ரொம்ப பயப்படறாங்க."

"எவ்வளவு?"

ஒரு தடவை என் மாமனார் தவறிவிட்டார் என்று லீவ் கேட்கப் போனேன். "ரொம்பத் துக்கமா இருக்கு சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதற்கும் எவ்வளவு என்று கேட்டுத் தொலைப்பாரே என்று பேசாமல் லீவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அறைக்குள் நுழைந்த எவனும் "ஐயோ, கதிர்!" என்று கத்திவிட்டு ஓடிவிட முடியாது. எவ்வளவு கதிர், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு ஓடலாம். பதில் சொன்ன பிறகு பெரும்பாலும் ஓடத் தேவையிருக்காது. "நெருப்பு கிட்ட கை வைக்கக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். அதுக்காக அடுப்பே இல்லாத வூட்லயா சாப்பிடறீங்க?" என்று ஒரு தடவை கேட்டார். அவர் பேசியதில் அதுதான் மிக நீளமான பேச்சு.

இனி எங்கள் வைத்தியத்தைச் சொல்கிறேன். கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தால் முதலில் ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிடுவார்கள். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருப்பதை அழிக்க, கதிர் வீசும் அயோடினை உள்ளுக்குக் கொடுப்போம். நம் உடம்பில் அயோடினைத் தேடித் தேடிச் சாப்பிடுவது தைராய்டுதான். அதன் பசியை வைத்தே அதை முடிக்கிற வேலை. அதற்காக இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அயோடின் இல்லாமல் பட்டினி போட வேண்டும். கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது, பாக்கெட் உப்பு கூடாது, பால்கூடக் கூடாது. கடலோரம் வீராம்பட்டினத்துக்காரி ஒருத்தி, கேன்சர் என்று சொன்னபோது அழவில்லை, மீன் குழம்பு கூடாது என்றதும் தேம்பித் தேம்பி அழுதாள். "அதுக்கு என்னக் கொன்னே போட்டுடுங்க சார்" என்றாள்.

மருந்து ஒரு காப்ஸ்யூல். அது வருவது காரீயத்தால் செய்த தடித்த சின்னக் குடுவையில். காப்ஸ்யூல் இம்மியளவு, குடுவையைத் தூக்க இரண்டு கை வேண்டும். நீளக் கிடுக்கியால் மூடியைத் திறப்பேன். நோயாளி காப்ஸ்யூலைக் கையால் தொடாமல் குடுவையைச் சாய்த்து அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் கதவருகே நிற்பேன். பிறகு சில நாள் தனி அறை, தனிக் கழிப்பறை. கதிர் சிறுநீரில்தான் பெரும்பகுதி வெளியேறும். அதனால் தண்ணீர் குடி, குடி என்று உயிரை வாங்குவோம். தினமும் வேதாசலம் சார் வாசலில் நின்று மெஷினை நீட்டி அளப்பார். அளவு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்புவோம். வீட்டிலும் இரண்டு வாரம் தனிப் பாய், தனித் தட்டு. குழந்தைகளையும் மாசமாக இருப்பவர்களையும் கிட்டே சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான். எட்டு நாளைக்கு ஒரு தடவை அது பாதியாகிக்கொண்டே வரும். யாரும் விரட்டாமலே தானாகப் போய்விடுகிற ஒரே விருந்தாளி அதுதான்.

அப்படி வந்தவள்தான் அஞ்சலாட்சி. பாகூர் பக்கம் செலியமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீடு காட்டேரிக்குப்பம். புருஷன் ஏழுமலை டிராக்டர் ஓட்டினான். இரண்டு கறவை மாடு, மூன்று வயதில் யாழினி என்று ஒரு பெண் குழந்தை, ராசாத்தி என்று ஒரு மாமியார். நான் குழந்தையைக் கிட்டே சேர்க்காதே என்று சொன்னபோது மற்றவர்களைப் போல அவள் தலையாட்டிவிட்டுப் போகவில்லை.

"எவ்ளோ தள்ளி சார்?"

நான் ஒரு நிமிஷம் வேதாசலம் சார்தான் பெண் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாரோ என்று பார்த்தேன். "ரெண்டு ஆள் படுக்கற தூரம்மா" என்றேன். அதை மனதில் வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் கழித்து, எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஏழுமலைக்கு போன் போட்டேன். "ஒரு தொந்தரவும் இல்ல சார். அம்மாதான் வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்களே" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்தது இதுதான். தனிப் பாய், தனித் தட்டு, துணியைத் தனியாகத் துவை, யாரையும் வீட்டுக்குள் விடாதே என்று மருமகள் வந்து சொன்னதும், அந்தம்மாவுக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த சட்டமாக இருந்திருக்கிறது. அம்மை போட்டால் அப்படித்தானே இருப்பார்கள்? உடனே வாசலில் வேப்பிலைக் கொத்து. அடுப்படியில் தாளிப்பு இல்லை. தெருவில் கேட்டவர்களுக்கு, "ஆத்தா வந்திருக்கா." தெருவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போனது. நாங்கள் இங்கிலீஷிலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுத்த அறிவுரை எந்த வீட்டிலும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை.

நான் சிரித்துக்கொண்டே வேதாசலம் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வேப்பிலை கதிரைத் தடுக்காது. ஆனா வேப்பிலைக்கு பயந்துக்கினு ஆளுங்க தள்ளி நிப்பாங்க இல்ல? அது தடுக்கும்" என்றார்.

கோளாறு எங்கே வந்தது என்றால், ஆத்தாவுக்கும் அயோடினுக்கும் கணக்கு வேறு. அம்மை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். ராசாத்தியம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் காய்ச்சி வைத்துவிட்டுக் கூப்பிட்டால், மருமகள் வரமாட்டேன் என்கிறாள். "இன்னும் எறங்கல அத்தை" என்கிறாள். அறையின் குறுக்கே கோலமாவில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாளாம். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று குழந்தைக்கு விளையாட்டு மாதிரி சொல்லியிருக்கிறாள். குழந்தை கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும், இவள் இந்தப் பக்கம். இரண்டு வாரமும் அவள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ராத்திரி குழந்தை அழுதபோதும் தாண்டவில்லை.

இந்த நேரத்தில்தான் லைட்டு பாலு உள்ளே வந்தான். ஏழுமலைக்குப் பெரியப்பா மகன். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் சீரியல் லைட்டும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவன். மைக்கைக் கையில் வைத்திருந்து பழகிவிட்டதால் மைக் இல்லாதபோதும் அதே சத்தம்தான். அவனுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்திருக்கிறது. "ஆத்தா வந்தவ மொகத்துல ஒரு முத்துகூட இல்லியே, அது எப்படி?" என்று கேட்டிருக்கிறான். ஏழுமலை திருதிருவென்று விழித்திருக்கிறான். பாலு உள்ளே போய், நாங்கள் கொடுத்த ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டான். அதில் மஞ்சளில் மூன்று இதழ் போட்ட கதிர் முத்திரை இருக்கும்.

"அடப்பாவிங்களா! இது அணு உலையில ஒட்டற மார்க்குடா! டிவில காட்றான் இல்ல? இவ ஒடம்புல அணுவை ஏத்தி அனுப்பியிருக்கான்டா!"

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பால் சொசைட்டியில் அவள் பாலை ஊற்றவிடவில்லை. அதற்குள் இரண்டு வாரமும் முடிந்து, குழந்தையைத் தொடலாம் என்று நாங்கள் சொல்லியாகிவிட்டது. அதை யார் கேட்டார்கள்? குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிய அதே ஜனம் இப்போது திட்டிக்கொண்டு ஒதுங்கியது. ஆத்தா வந்தால் கும்பிடு, அணு வந்தால் காறித் துப்பு. இரண்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் பாலுவும் நாலு பெரிய மனிதர்களும் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தார்கள். அஞ்சலாட்சி காட்டேரிக்குப்பத்துக்குப் போய்விட வேண்டும். குழந்தை இங்கேயே இருக்க வேண்டும்.

ஏழுமலை எங்களிடம் ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சார், இவ ஒடம்புல அணு இல்லன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க சார். அது போதும். இல்லன்னா கொழந்தைய வுட்டுட்டுப் போவச் சொல்றாங்க."

வேதாசலம் சார் நேர்மையான மனிதர். அது ஒரு வியாதி. "அப்படி எழுத முடியாதுப்பா" என்றார். "எல்லார் ஒடம்புலயும் அணு இருக்கு. கதிரும் கொஞ்சம் இருக்கு. ஒன் ஒடம்புலயும் இருக்கு."

ஏழுமலை தன் கையையே எடுத்து உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சார், கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்று முதல் தடவையாக என் மேலதிகாரியை அதட்டினேன். பிறகு அவரே யோசித்துவிட்டு, "நேர்ல போயி அளந்து காட்டிடலாம். வண்டி சொல்லு" என்றார்.

சொசைட்டி வாசலில் சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்துக்குப் போனோம். கூட்டம் கூடிவிட்டது. அஞ்சலாட்சி பால் கேனோடும் ஒரு மாட்டோடும் ஓர் ஓரமாக நின்றாள். குழந்தை பாட்டியின் கையில் இருந்தது. நான் கிட்டே போய், "பாப்பா ஒங்கிட்ட வருதாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க சார் வருது? கோட்ட அழிச்சிட்டேன். அதுக்கு மட்டும் இன்னும் கோடு தெரியுது. நேத்துதான் சார் மெதுவா வந்து மடியில உக்காந்துச்சி. இன்னிக்கி என்னக் கெளம்புன்றாங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாலு பெரிய மனிதர்களுக்கும் ஆளுக்கொரு காப்ஸ்யூல் கொடுத்திருப்பேன்.

வேதாசலம் சார் எங்கே போனாலும் முதலில் வெறும் இடத்தை அளப்பார். அது அவர் முறை. கடவுளே கிட்டே வந்து நின்றாலும் முறை முறைதான். சொசைட்டி முன்னால் இருந்த மைதானத்தின் நடுவில் நின்று மெஷினைப் போட்டார். டிக். சற்று நேரம் கழித்து, டிக். டிக்.

கூட்டம் அப்படியே பின்னால் சாய்ந்தது. "ஐயோ, தரையிலயே வந்துட்சிடா!" என்று ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"இது எல்லா ஊர்லயும் இருக்கும். மண்ணுல இருந்து வருது, வானத்துல இருந்தும் வருது. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு" என்றார் சார். ஒருவரும் நம்பவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் போய் அஞ்சலாட்சியின் கழுத்துக்கு நேரே குழலைப் பிடித்தார். டிக். டிக். மைதானத்தில் அடித்த அதே சத்தம். பால் கேனில் பிடித்தார். மாட்டின் மேல்கூடப் பிடித்தார். மாடு குழலை நக்கப் பார்த்தது. எங்கும் அதே டிக்தான்.

ஊர் லேசாக இளகியது. பாலு விடவில்லை. "மெஷின் ரிப்பேரு சார் அது! எங்க வெச்சாலும் ஒரே மாதிரி அடிக்கிது. நெசமான அணு எதிர்ல வந்தா எப்படி அடிக்கும், காட்டு பாக்கலாம்!" என்று கத்தினான்.

அது நியாயமான கேள்வி என்று வேதாசலம் சாரின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். எதிரே பாலுவின் கடை. கூரையில் பழைய கேஸ் லைட்டுகள் வரிசையாகத் தொங்கின. மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடிப்பார்களே, அந்த லைட். கரண்டு போகும் நேரத்துக்கும், சீர் ஊர்வலத்துக்கும் இன்னும் வைத்திருந்தான்.

"அதுக்கு மாட்டற மேண்டில் இருக்குமாப்பா?" என்றார் சார்.

"எத்தினி வேணும்? பொட்டியே இருக்குது!" பாலு பெருமையாக உள்ளே போய், வெள்ளை வலைப் பைகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். சார் குழலை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

மெஷின் கத்தியது பாருங்கள், ஒரே அலறல்! மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அந்த மேண்டில்களில் பளிச்சென்று எரிவதற்காகத் தோரியம் பூசியிருப்பார்கள். அதுவும் கதிர் வீசும். பயிற்சிக் காலத்தில் மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்களே அதைத்தான் வைத்துப் பார்ப்போம். பாலுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைக் கீழே போடவும் பயம், கையில் வைத்திருக்கவும் பயம்.

"சார், கீழ வெக்கவா? வெச்சா வெடிச்சிடுமா?"

"ஒண்ணும் ஆவாது. பயப்படாத. இது ரொம்பக் கம்மி. பல்லுல கடிச்சி நூல் கட்டாத, எரிஞ்ச சாம்பல ஊதாத, கைய கழுவு. அவ்வளவுதான்" என்று சார் பொறுமையாகச் சொன்னார். சொன்னது யார் காதில் விழுந்தது? மெஷின் கத்தியதுதான் விழுந்தது.

அன்றைக்கே அஞ்சலாட்சியின் பாலை ஊற்றிக்கொண்டார்கள். அவளைப் போகச் சொன்ன பேச்சு அதோடு நின்றது. திரும்பி வரும்போது வண்டியில் நான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். "அவன் மூஞ்சியப் பாத்தீங்களா சார்!" என்றேன். வேதாசலம் சார் ஜன்னல் வழியாகக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்கலியேய்யா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சில மாதம் கழித்து அஞ்சலாட்சி மறுபரிசோதனைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கழுத்தில் நோய் மிச்சமில்லை என்று படம் சொன்னது. குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஆனால் ஊர் திருந்திவிட்டதா? பயத்தை ஒரு வீட்டிலிருந்து தூக்கி இன்னொரு வீட்டில் வைத்திருந்தது. குழாயடியில் இப்போது பாலு பெண்டாட்டியின் குடத்தைப் பார்த்து மற்ற குடங்கள் நகர்கின்றன. திருவிழாவுக்கு வெளியூர் லைட் செட் பேசிவிட்டார்கள். சீரியல் பல்புகூட அவனிடம் வாங்குவதில்லை. மேண்டில் பெட்டியை அவன் ஏரியில் போடப் போனானாம். மீன் செத்துவிடும் என்று அடிக்க வந்தார்களாம். அந்தப் பெட்டியைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்து கடையிலேயே வைத்துவிட்டு, தான் மட்டும் வெளியில் படுத்துக்கொள்கிறானாம்.

"நல்லா வேணும்" என்றேன் நான். மனதாரச் சொன்னேன்.

அவள் வேதாசலம் சாரைப் பார்த்து, "சார், பாப்பாவுக்குக் காது குத்தறோம். மொத நாள் சாயங்காலம் எங்க அண்ணன் சீர் எடுத்துக்கினு வரும். பாலு மாமாவத்தான் லைட்டுக்குச் சொல்லலாம்னு இருக்கேன். அந்தக் கேஸ் லைட்டுதான். எம்பொண்ணு அதுக்கு எவ்ளோ தூரத்துல இருக்கலாம், எவ்ளோ நேரம் இருக்கலாம்?" என்றாள்.

வேதாசலம் சார் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்த மெஷினைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே மனுஷி அவள்தான். "ராத்திரி பூரா பக்கத்துலயே நின்னாலும் ஒண்ணும் இல்லம்மா. ஒடஞ்ச மேண்டில் தூளை மட்டும் கொழந்த வாயில போட்டுக்காம பாத்துக்க" என்றார்.

காதுகுத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்துக்குச் செலியமேடு போனேன். தாய்மாமன் தட்டுகளோடு முன்னால் வர, பாலு ஒரு கேஸ் லைட்டைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு நடந்தான். வேறு யாரும் தூக்க வரவில்லை. அவனைச் சுற்றித் தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் அவன் பக்கத்தில் நடந்தது அஞ்சலாட்சி மட்டும்தான், இடுப்பில் குழந்தையோடு. குழந்தை லைட்டையே பார்த்துக்கொண்டு வந்தது.

பந்தி போட்டதும் ஊர் மாறிவிட்டது. அதே லைட்டுகளைப் பந்திக்கு மேல் தொங்கவிட்டிருந்தார்கள். இலை முன்னால் இடம் பிடிக்கிற அவசரத்தில் ஒருவருக்கும் அணு ஞாபகம் வரவில்லை. சொசைட்டி வாசலில் செருப்பைக் கழற்றியவர், நேராக லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டார்.

நான் கை கழுவப் போனபோது பாலு கூடத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்து ஒரு லைட்டுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தலை நிமிராமலே கேட்டான்.

"ஊரே தள்ளி வெச்சிது. நீ மட்டும் ஏம்மா என்னக் கூப்ட்ட? ஒன்ன மொதல்ல தள்ளி வெச்சவனே நாந்தான?"

"ஆமா மாமா. அன்னிக்கி நானும் அந்த சொசைட்டி வாசல்ல நின்னேன்" என்றாள் அவள். "என் ஒடம்புல எவ்ளோ இருக்குதுன்னு நீங்க ஒருத்தராவது என்னக் கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேன். ஒங்க லைட்டுல எவ்ளோன்னு நான் கேட்டுட்டுத்தான் கூப்ட்டேன்."

லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் மேலும் மேலும் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தான்.